மேலிருந்து எடுத்த கடற்கரைப் படம், வீட்டுச் சுவருக்கு: காசுக்குத் தகுமா?

11 மே 2024. தாணே வாசகர் ஒருவரின் கேள்வி

கோட்பந்தர் சாலையில் புது வீடு. ஹாலில் பெரிய சுவர் ஒன்று வெறுமையாக இருக்கிறது. மேலிருந்து எடுத்த கடற்கரைப் படம் ஒன்றை, நான்கடிக்கு மூன்றடி, சட்டத்துடன் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என்கிறார்கள். நீலப் பச்சைக் கடல், வெள்ளை மணல், வரிசையாகக் குடைகள். மனைவிக்குப் பிடித்துவிட்டது. ட்ரோன் வைத்திருக்கும் எவரும் எடுக்கக்கூடிய படத்துக்கு இந்த விலை பகல் கொள்ளை என்பது என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 மே, இரவு. என் பதில்

விலையைப் பிறகு பேசலாம். முதலில் கடைக்குப் போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பாருங்கள். குடைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் மனிதராகத் தெரிகிறாரா, நிறப் பிசிறாகத் தெரிகிறாரா? இந்த வகைப் படம் இரண்டு தூரத்திலும் நிற்க வேண்டும். சோபாவில் இருந்து பார்த்தால் கோலம், கிட்டே போனால் ஊர். தூரத்துக்கு மட்டும் ஆகும் படம் சுவர்க் காகிதத்துக்குச் சமம்; அதற்கு மூவாயிரம் கொடுத்தாலும் அதிகம்.

அச்சகத்தில் வண்ணப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். கலை பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மை பற்றி நான் எடுக்கிறேன்.

12 மே

"எவரும் எடுக்கலாம்" என்பதற்குக் கணக்கு. 20 மெகாபிக்சல் ட்ரோன் கேமராவின் படத்தில் அகலவாட்டில் 5472 புள்ளிகள் இருக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் தரத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால், 18 அங்குல அகலத்தோடு கதை முடிந்தது. அதையே நான்கடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 114தான் மிஞ்சும். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் குறை தெரியாது. எழுந்து போனால் தெரியும்.

உயரமும் இதில் சேர்த்தி. பரந்த கோண லென்ஸோடு 120 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 180 மீட்டர் கரை படத்துக்குள் வரும். ஒரு மனிதரின் தோள் அகலம் அதில் பதினான்கு புள்ளி, நான்கடிப் படத்தில் மூன்று மில்லிமீட்டர். அதே கருவியை 50 மீட்டருக்கு இறக்கினால் தோள் ஏழு மில்லிமீட்டர் ஆகிறது. கை எது கால் எது என்று பிரிகிறது. ஆகவே "எவ்வளவு உயரத்தில் இருந்து எடுத்தது?" என்று விற்பவரிடம் கேளுங்கள். விழித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

இந்தக் கலையில் இன்று பெரிய பெயர் அமெரிக்கரான கிரே மாலின். கதவைக் கழற்றிய ஹெலிகாப்டரில் இருந்து எடுப்பவர். நூறு மெகாபிக்சல் கேமரா ஒன்றை அப்படி மேலே கொண்டுபோனால் அகலவாட்டில் 11,648 புள்ளி கிடைக்கும். நான்கடியிலும் அங்குலத்துக்கு 240க்கு மேல் நிற்கும். காசு அங்கேதான் போகிறது: வாடகை, எரிபொருள், விமானி.

14 மே

நவி மும்பை நண்பர், "நானே ட்ரோன் வாங்கி ஜுஹுவில் எடுத்துக்கொள்கிறேன், முப்பத்தெட்டாயிரம் மிச்சம்" என்கிறார். ஐயா, ஜுஹு கடற்கரையை ஒட்டி விமானத் தளம் இருக்கிறது. 1928இல் வந்தது, 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து தபால் மூட்டையோடு வந்து இறங்கியது அங்கேதான். இன்றும் ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்குகின்றன. பெரிய விமான நிலையமும் பக்கத்தில்தான், தெற்கே போனால் கடற்படை. போதாததற்கு, ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று மும்பைக் காவல்துறை அவ்வப்போது தடை உத்தரவு போடும்.

250 கிராமுக்குள் இருந்தால் விமானி உரிமம் வேண்டாம் என்ற பாதிச் செய்தியைப் பிடித்துக்கொண்டு பலர் கிளம்புகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளில் அது உண்மை. ஆனால் பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலம் எடை பார்ப்பதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில்தான் முன் அனுமதி இல்லாமல் 400 அடி வரை போகலாம். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கும் 2022 பிப்ரவரி முதல் தடை. இத்தனையையும் மீறிப் போனால், படத்துக்குச் சட்டம் போடுவதற்கு முன் உங்கள் மேல் சட்டம் பாயும்.

15 மே

ஊரில் எடுக்கலாமே என்பவர்களுக்கு: தென்தமிழகத்தில் மணப்பாடு, உவரிப் பக்கம் மேலிருந்து பார்க்க அற்புதமான கரை. மணப்பாட்டில் மணல் திட்டு, கழி, குன்றின் மேல் தேவாலயம் மூன்றும் ஒரே படத்துக்குள் வரும். ஆனால் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சின்ன வயதில் போன ஊர்தானே என்று துணிய வேண்டாம், வரைபடத்தைப் பாருங்கள்.

19 மே

ஞாயிறு. வேலை இல்லை. கொஞ்சம் கதை.

வானத்தில் இருந்து முதலில் படம் எடுத்தவர் நாதார் என்ற பிரெஞ்சுக்காரர், 1858இல், பலூனில். அந்தப் படம் இப்போது இல்லை. மிஞ்சியிருப்பதில் பழையது 1860இல் பாஸ்டன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்தது. 1888இல் ஆர்தர் பட்டூ பட்டத்தில் கேமராவைக் கட்டி ஏற்றினார். அதற்கும் பிறகு ஜெர்மனியில் நொய்ப்ரோன்னர் என்ற மருந்துக் கடைக்காரர் புறாவின் மார்பில் குட்டிக் கேமராவை மாட்டிப் பறக்கவிட்டார். ட்ரோனுக்குத் தடை என்று அழுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. மும்பையில் புறாவுக்கா பஞ்சம்?

20 மே

புறா யோசனையை ஒருவர் நிஜமாக எடுத்துக்கொண்டு தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். வேண்டாம்.

26 மே

மேலே போகாமலே முடியும் என்று சொல்ல விட்டுப்போயிற்று. இத்தாலியரான மாசிமோ விட்டாலி 1995 வாக்கில் இருந்து கடற்கரைக் கூட்டத்தை எடுத்து வருகிறார். அவர் நிற்பது நான்கைந்து மீட்டர் உயர மேடை ஒன்றின் மேல். பல காலம் அவர் பயன்படுத்தியது பெரிய ஃபிலிம் கேமரா. ஆறடிப் படமாக மாட்டினாலும் அதில் ஒவ்வொருவரின் முகமும் தனித்தனியாக இருக்கும். பார்க்கிறவர் கால் வலிக்கும் வரை நிற்பார். மும்பை வர்சோவாக் கடற்கரையில் ஆறாம் மாடி நண்பர் இருப்பவர்கள் ட்ரோனுக்கு முன் அவருடைய பால்கனியை யோசிக்கலாம்.

நேர் மேலிருந்து எடுப்பதில் உள்ள சங்கடம் இதுதான்: மனிதர் என்றால் தலையும் இரண்டு தோளும் மட்டும். ஓடுகிறாரா, நிற்கிறாரா, குழந்தையைத் தூக்கியிருக்கிறாரா, எதுவும் தெரியாது. அதைச் சொல்வது நிழல். சாய்ந்த வெயிலில் நிழல் நீண்டு, தரையில் முழு உருவமாக விழும். பந்து வீசுபவரின் கை தூக்கியிருப்பதை நிழலில்தான் பார்ப்போம். நடுப்பகல் ஒரு மணிக்கு எடுத்த படத்தில் கடல் பளபளக்கும், ஆட்கள் புள்ளி புள்ளியாகச் செத்துக் கிடப்பார்கள். குடை வரிசைப் படங்களில் முக்கால்வாசி அந்த நேரத்தவை.

கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடல் மேல் எழும். நிழல் ஊர்ப் பக்கம் சாயும். மும்பையில் அது மாலையில் நடக்கும். காலையில் ஜுஹுவில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும், கரையின் மேல் பகுதி கட்டட நிழலில் மூழ்கிவிடும். சென்னையில் பழகிய கைகள் இங்கே வந்து விடியலில் காத்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

2 ஜூன்

முலுண்டு வாசகி கேட்கிறார்: "நம் கடல் ஏன் அந்த நீலமாக இல்லை? படத்தில் நிறம் ஏற்றுகிறார்களா?"

ஏற்றுகிறார்கள், ஆனால் எல்லாமே ஏற்றியது அல்ல, அம்மா. தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். ஆழமில்லாத தெளிந்த நீர், அடியில் பவளம் பொடிந்த வெள்ளை மணல் என்றால் திரும்பி வரும் வெளிச்சம் நீலப் பச்சையாகத்தான் இருக்கும். மாலத்தீவு, லட்சத்தீவுப் படங்கள் அப்படி. மும்பையில் தாணே கழியும் மாஹிம் கழியும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் கடல் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

அந்த ஏற்றவற்றம்தான் மும்பையின் சொத்து என்பேன். தமிழகக் கரையில் நீர்மட்டம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் மாறும். இங்கே நீர் வற்றும்போது அகலமான ஈர மணல் வெளிப்படும். அதில் வரி வரியாக அலைத்தடம், நண்டுகள் துப்பிய மணல் உருண்டைகள், நாய்களின் கால்தடம், வானத்தின் பிரதிபலிப்பு. பழுப்பிலேயே இருபது வகை. இதைச் சுவரில் மாட்ட ஆள் வராது என்று ஒரு படக் கடைக்காரர் சொன்னார். எல்லோருக்கும் மாலத்தீவு வேண்டுமாம். கடலில் இருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளி இருந்துகொண்டு இன்னொருவர் கடலை மாட்டுகிறோம்.

3 ஜூன்

நிறத்தைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். திரை பின்னால் இருந்து ஒளி வீசுகிறது. காகிதம் அறையின் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அதனால் கணினியில் பார்த்த கடல் வீட்டுக்கு வரும்போது ஒரு படி மங்கித்தான் வரும். நல்ல அச்சுக்காரர் அதற்கு முன்கூட்டியே திருத்தம் செய்வார். முழுப் படத்துக்குக் காசு கட்டும் முன், ஆட்கள் இருக்கும் மூலையை மட்டும் அசல் அளவில், அசல் காகிதத்தில், ஏ4 துண்டாக அடித்துக் கேளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மாட்டப்போகும் சுவரில் ஒட்டி, இரவு விளக்கில் பாருங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

காகிதம்: பளபளப்பு வேண்டாம் என்றால் பருத்திக் காகிதம். 1584இல் தொடங்கிய ஹானமூலே ஆலையின் 308 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 308 கிராம்) வகை இங்கும் கிடைக்கிறது. மணலின் சொரசொரப்பு அதில் பிரமாதமாக உட்காரும். ஆழ்ந்த நீலம் கொஞ்சம் அடங்கும். மை, நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மையாக இருக்க வேண்டும். சாய மை சீக்கிரம் வெளுக்கும்.

17 ஜூன்

மழை பிடித்துவிட்டது. செம்பூரில் எங்கள் தென்மேற்குச் சுவரில் ஓதம் ஏற ஆரம்பித்தாயிற்று. அந்தச் சுவரில் படம் மாட்டவே கூடாது.

22 ஜூலை

மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: படம் அலை அலையாக எழும்புகிறது, என்ன செய்வது?

என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். ஊரில் இருந்து வாங்கி வந்த நல்ல பருத்திக் காகிதப் படத்தை ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். படத்தைச் சுற்றி நிற்கும் மவுண்ட் அட்டை வைத்து, மேல் விளிம்பில் மட்டும் காகிதக் கீல் போட்டுத் தொங்கவிடச் சொன்னேன். "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினார்கள். ஆடி மாதம் படத்தின் நடுவில் கொப்புளம். பிரித்தால், முழுப் படத்தையும் பசை தடவிப் பிளைவுட்டில் ஒட்டியிருக்கிறார்கள். கடலில் இல்லாத அலையெல்லாம் அதில் இருந்தது. மறுபடி அச்சடித்தேன். கேட்டால், "இப்படித்தான் சார் எல்லோருக்கும் செய்கிறோம்" என்று பதில்.

காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மேலே மட்டும் கீல். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், அல்லது பூசணம் பூக்கும். இடையில் மவுண்ட் அட்டை நிற்பது அழகுக்கு மட்டும் அல்ல. அட்டை அமிலம் இல்லாததா என்று கேளுங்கள். இல்லையென்றால் சில வருடத்தில் விளிம்பு மஞ்சளாகும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போய் வரும். கார்க் துண்டுக்கு ஆகும் செலவு ஒரு வடாபாவ்.

23 ஜூலை

டோம்பிவிலிப் பெரியவர், "லேமினேஷன் செய்துவிட்டால் தொல்லை இல்லையே" என்கிறார். தொல்லை இல்லைதான். ஆனால் பருத்திக் காகிதத்துக்குக் காசு கொடுத்துவிட்டு மேலே பிளாஸ்டிக்கை ஒட்டுவது எதற்கு? நேராகக் கான்வாஸில் அடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியும் வேண்டாம். நுண்விவரம் கொஞ்சம் போகும்.

11 ஆகஸ்ட்

தூரத்துக்கு மட்டும் ஆகும் படங்களை நான் திட்டியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். எதிர் வீட்டு மராட்டிக் குடும்பத்தில், ஜன்னலே இல்லாத சின்ன அறை ஒன்றில் ஒரு பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார். கால்மாட்டுச் சுவரில் வெறும் கடலும் மணலும் மட்டும் உள்ள படம் மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தூரத்துக்கும் அந்தக் கண்களுக்கும் அது போதும்; யாரும் எழுந்து கிட்டே போகப் போவதில்லை. ஹாலுக்கு என் பழைய கருத்தில் மாற்றமில்லை.

12 ஆகஸ்ட்

"மும்பைக் கரையை மேலிருந்து எடுத்தால் குப்பையும் தெரியுமே, அதையும் மாட்டுவீர்களா?" என்று ஒரு நக்கல். தெரியும். நீர் ஏறி நின்ற இடத்தில் குப்பை ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். மேலிருந்துதான் அந்தக் கோடு எவ்வளவு ஒழுங்கானது என்று புரியும். மேலிருந்து எடுத்த படத்தின் நேர்மையே இதுதான். சென்னையை அப்படிப் பார்த்தால், துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா மணல் பரந்து கிடக்கும், வடக்கே ராயபுரம் பக்கம் கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள். வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் அரிப்பு. புத்தகத்தில் பத்து பக்கம் படித்துப் புரிந்துகொள்வதை ஒரு படம் காட்டிவிடும். ஹாலில் மாட்டுவீர்களா என்றால், மாட்டுவேன். வீட்டில் விடமாட்டார்கள்.

15 செப்டம்பர்

எங்கள் வீட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்டீர்கள். தூத்துக்குடிப் பக்கம் ஓர் இளைஞர் எடுத்த கரைவலைப் படம், இரண்டடி அகலம். கடலில் வலை அரைவட்டமாகக் கிடக்கிறது. கரையில் இரண்டு வரிசை ஆட்கள் இரண்டு கயிற்றையும் இழுக்கிறார்கள். மேலிருந்து தலைத்துண்டுகள் மட்டும் தெரிகின்றன. உடம்பை எவ்வளவு பின்னுக்குச் சாய்த்து இழுக்கிறார்கள் என்பதை நிழல்தான் காட்டுகிறது. வடக்கு வரிசையின் கடைசியில் ஒருவர் இழுக்காமல் கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டி, வாய் விளிம்பில் மட்டும் வெயில்.

உவரியில் இருந்து வந்திருந்த மாமனார் படத்தின் முன்னால் காபி ஆறும் வரை நின்றார். "மடி இன்னும் வெளியேதான் கிடக்கிறது. குறைந்தது அரை மணி நேரம் இழுக்க வேண்டும். தெற்கு வரிசையில் ஆள் பற்றாது" என்றார். மடி என்றால் மீன் சேரும் வலைப் பை. எண்ணிப் பார்த்தால் தெற்கே ஆள் குறைவுதான். அத்தனை நாள் தினமும் பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

16 செப்டம்பர்

முலுண்டு வாசகி மடக்கிவிட்டார்: "அந்த மீனவர்களிடம் அனுமதி கேட்டாரா?" கேட்டாராம். எடுத்தபின் கரையில் இறங்கிக் காட்டி, சின்னப் பிரதி ஒன்றையும் கொடுத்திருக்கிறார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. முகம் தெரியவில்லை, ஆகவே கேட்க வேண்டியதில்லை என்று ஒரு வாதம் உண்டு. விடியற்காலையில் கரைக் குப்பத்தில் ஒதுங்கப் போகிறவர்களும் குளிக்கிறவர்களும் இருப்பார்கள். தலைக்கு மேல் வண்டு மாதிரி ஒன்று இரைந்துகொண்டு நின்றால் எப்படி இருக்கும்? நல்ல வெளிச்சம் அந்த நேரத்தில்தான் என்பது அவர்கள் குற்றமில்லை.

6 அக்டோபர்

தாணே நண்பர் திரும்பி வந்திருக்கிறார். ஏ4 துண்டு கேட்டு வாங்கினாராம், குடைக்கடியில் இருந்தவர்களுக்குக் கை கால் எல்லாம் இருக்கிறதாம். ஹெலிகாப்டரில் இருந்து எடுத்தது, 25 பிரதிகளில் 9ஆவது, கையெழுத்து உண்டு.

அப்படியானால் வாங்குங்கள். உங்கள் கட்சி தோற்றது, உங்கள் மனைவி வென்றார். எண்ணிட்ட பிரதி என்றால் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த 25 இந்த அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்கும் சேர்த்தா? காகிதமும் மையும் எவை? பல பேர் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக 25 போட்டு நூறாக்கிவிடுகிறார்கள். பின்னால் விற்றுக் காசு பார்க்கலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். பார்க்க வாங்குங்கள்.

20 அக்டோபர்

மாட்டும் வேலை பற்றிக் கடைசியாக. நான்கடிக்கு மூன்றடி, 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே எட்டு கிலோவுக்கு மேல். அக்ரிலிக் அதில் பாதி, ஆனால் கீறல் விழும், செய்தித்தாளால் துடைக்காதீர்கள். புதுக் கட்டடங்களில் உள்சுவர் லேசான பிளாக் கல்லாக இருக்கும், சாதாரண ஆணி அதில் நிற்காது. அதற்கென்று உள்ள பிளக் வாங்கி, இரண்டு இடத்தில் துளையிட்டு, எடையைப் பிரித்துத் தொங்கவிடுங்கள். படத்தின் நடுப்பகுதி நின்றவர் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரட்டும். நம்மவர்கள் சாமி படம் மாதிரி உத்தரத்தில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் மதியம் இரண்டில் இருந்து நான்கு வரை துளையிட விடமாட்டார்கள். உங்கள் சங்கத்திலும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.